நீ பஸ்ஸில் ஏற்ற மறுத்த பத்திரிகை

இன்று காலை வோட்டுப் போடப் போனேன். மருதமுனையில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் வாக்களிப்பு நிலையம். வரிசை நீளமாக இருந்தது. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், அலுவலக அறையைத் துப்புரவாக்கி வெளியே போட்ட பழைய சாமான்கள் குவிந்து கிடந்தன. உடைந்த கதிரைகள், ஒரு கரும்பலகை, அவற்றுக்கடியில் சாய்ந்தபடி, பிரதி எடுக்கிற ஒரு ரோணியோ இயந்திரம். இரவு பெய்த மழையில் அதன் உருளையில் காய்ந்திருந்த மை இளகி மணத்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நிற்கிற வேட்பாளர்கள் எல்லாரும் எனக்கு மறந்துபோனார்கள். உன் குரல்தான் கேட்டது.

"நிருபர், இண்டைக்கும் ரெண்டாம் பக்கம் கண்ணுக்குத் தெரியல்ல. வாசிக்கிற சனம் என்ன, ஆந்தையா?"

எனக்குப் பின்னால் நின்றவர், "என்ன தனியச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். அவருக்கு எப்படி விளக்குவது? அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்கிறேன். நம் பத்திரிகை 'நேரே கதை' இப்போதும் வருகிறது. கடதாசியில் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து ஒரு பொத்தானை அழுத்தினால், கல்முனைக் கடைக்காரருக்கும் டோகாவில் கிரேன் ஓட்டுகிற பெரியநீலாவணைக்காரருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது. விளம்பரம் இன்றும் இல்லை. வாசிக்கிறவர்கள் அனுப்புவதில்தான் ஓடுகிறது. உனக்குத் தெரிந்த பெயர்கள் இன்னும் சில சந்தாப் பட்டியலில் இருக்கின்றன. அவர்கள் இன்னும் குறைதான் சொல்கிறார்கள்.

சுனாமியாகக் கடல் வந்த அந்த நாளில், நீ கொண்டக்டராக ஓடிய பஸ் பழுதாகி அம்பாறையில் ஒரு கராஜில் நின்றது. நீயும் அதோடு நின்றாய். அதுவரை நீ வாய்க்கு வந்தபடி திட்டிய அந்த எஞ்சினை, அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவாய். என் வீட்டில் அத்திவாரம் மிஞ்சியது. பாண்டிருப்பில் உன் வீட்டில் அதுவும் இல்லை. யார் யார் இல்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட அந்த முதல் நாட்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும்.

இன்று வோட்டுப் போட்ட இதே பள்ளிக்கூடம்தான் அப்போது எங்களுக்கு அகதி முகாம். நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். முகாமிலிருந்து பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். வந்தது மூன்று வரியும், பார்வையிட வந்த பெரிய மனிதர் ஒருவரின் படமும். அந்தக் கோபத்தில்தான் ஒரு தாளை எடுத்து, தண்ணீர் பவுசர் வண்டி எப்போது வரும், டொக்டர் எந்த நாள் வருவார், எந்த நிவாரணப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று கையால் எழுதி, முகாம் சுவரில் ஒட்டினேன். உன் பஸ் முதலாளியும் அதே முகாமில் இருந்தார். அவரைப் பார்க்க வந்த நீ, அந்தத் தாளின் முன்னால் நின்று பஸ்ஸில் கத்துகிற அதே குரலில் முழுவதையும் வாசித்தாய். நாள்தோறும் உன் பஸ்ஸில் கல்முனைக்குப் போய்வந்த எனக்கு, மீதிக் காசுக்காக உன்னோடு சண்டை பிடித்த பழக்கம் மட்டும்தான் அதுவரை.

"எழுத்து நல்லாத்தான் இரிக்கு, நிருபர். தண்ணி எப்ப வரும் எண்டு எழுதியிரிக்காய். நேத்து வரவேண்டிய தண்ணி எங்க போனது எண்டு எழுதல்லியே?"

"அது அரசியல்," என்றேன்.

"ஓம். தண்ணிய ஆரோ மற்றப் பக்கம் திருப்பி உட்டிரிக்கான். அதத்தானே அரசியல் எண்டுற. அத எழுதன்."

எழுதினேன். அதிபர் நல்ல மனிதர். பள்ளிக்கூட ரோணியோவைப் பாவிக்க விட்டார். மெழுகுத் தாளில் நான் எழுத, நீ கைபிடியைச் சுற்றினாய். முதல் இதழின் பாதி மை உன் சட்டையில்தான் இருந்தது. பெயர் என்ன வைப்பது என்று நான் அகராதியோடு மினக்கெட்டுக்கொண்டிருக்க, "என்ன பெரிய பேர்? நேரே கதை எண்டு போடு. வளைச்சுக் கதைச்சா சனம் இறங்கிப் போயிரும்," என்றாய். அப்படித்தான் பெயர் விழுந்தது.

நீ ஓடியது அக்கரைப்பற்று–மட்டக்களப்பு பஸ். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று கரை நெடுக மாறி மாறி வரும் அத்தனை தரிப்பிலும் உன்னைத் தெரியாத ஆளில்லை. அந்த ஊர்கள் ஒன்றையொன்று நம்பாத காலம் அது. உன்னை மட்டும் எல்லாரும் நம்பினார்கள், மீதிக் காசு விஷயத்தைத் தவிர. கல்முனையில் பத்திரிகைக் கட்டை ஏற்றிக்கொண்டு, படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகக் கத்துவாய்: "மட்டக்களப்பு, மட்டக்களப்பு! பாண்டிருப்பு, மருதமுனை, கல்லாறு! ஆருக்கு வீடு, ஆருக்கு வெறுங்கை? நேரே கதை! ஏறுங்க, ஏறுங்க!" தரிப்பின் பெயர் எது, தலைப்புச் செய்தி எது என்று தெரியாமல் ஏறியவர்கள் உண்டு.

ஒரே பாதைக்கு இரண்டு தரம் ரிப்பன் வெட்டிய உள்ளூர் அரசியல்வாதி ஒருவரைப் பற்றி எழுதிய கிழமை நினைவிருக்கிறதா? அவருடைய வாகனம் பழுதாகி உன் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். நீ ஒரு பிரதியை இரண்டு கையாலும் நீட்டினாய். "சேர், உங்கட படம் இல்ல. ஆனா உங்கட கதை இரிக்கு." அவர் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு, "இன்னொண்டு தாங்க. வீட்ட காட்டணும்," என்றார். பஸ் முழுக்கச் சிரித்ததாம். நீ அதை எனக்கு நடித்துக் காட்டியபோது அவரைவிட அவராகவே இருந்தாய்.

விளம்பரம் எடுக்காததும் உன் வேலைதான். சுனாமி வீடுகள் கட்டிய கொந்தராத்துக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து, கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன விளம்பரம் போட்டால் ஒரு வருடத்துக்கான கடதாசியும் மையும் தன் செலவு என்றார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டாய்:

"அவர் கட்டின சுவத்துல நேத்து ஒரு பொம்புள படம் கொழுவ ஆணி அடிச்சவ. ஆணியோட சேந்து சுவரும் வந்துட்டு. விளம்பரத்துக்குப் பக்கத்துல அதையும் போடுவியா?"

நீயே பதிலும் சொன்னாய்.

"போட ஏலாதுதானே? அப்ப வாசிக்கிறவன் குடுக்கட்டும். அவனுக்குத்தானே எழுதுற."

வாசிக்கிறவன் கொடுத்தான். அவனிடம் என்ன இருந்ததோ அதைக் கொடுத்தான். பெரியநீலாவணையில் ஒரு கடற்றொழிலாளி சந்தாவைக் கீரிமீனாகவே கட்டினார். நற்பிட்டிமுனை விவசாயி ஒருவர் அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை நெல்லை உன் பஸ்ஸின் மேல் ஏற்றிவிட்டார். நீ மீனையும் பத்திரிகைக் கட்டையும் ஒரே பையில் கொண்டுவருவாய். என் மனைவி வாசலில் நின்று, "பத்திரிகை மீன் மணக்குது, மீன் மை மணக்குது. இதுல எத வாசிக்கிற, எத ஆக்குற?" என்பாள். நீ சிரித்துக்கொண்டே, "ரெண்டையும் நல்லாக் கழுவுங்க தங்கச்சி," என்பாய்.

இனி அந்த இதழுக்கு வருகிறேன். நீ கோபப்பட்டு நான் பார்த்த ஒரே தரம் அதுதான்.

கடலால் எந்தச் சேதமும் இல்லாமல் சுனாமி வீடு எடுத்தவர்களின் பட்டியல் ஒன்றைப் பல வாரம் அலைந்து சேர்த்திருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பார்த்து உறுதி செய்தது. அதில் ஒரு பெயர் என் மனைவியின் அண்ணன், எங்கள் மூத்த காக்காவுடையது. பிரதான வீதிப் பக்கம் ஓட்டு வீடு, ஒரு ஓடுகூட அசையவில்லை. இருந்தும் வயல் பக்கம் கட்டிய புது வீடொன்றின் திறப்புச் சாவி அவர் கையில். முகாமிலிருந்து வெளியேறிய எங்களைக் கூப்பிட்டு இடம் தந்தவரும் அவர்தான். நான் அந்தப் பட்டியலை எழுதிய மேசையே அவருடைய வீட்டின் பின்னறையில் இருந்தது. மெழுகுத் தாளில் எழுதிக்கொண்டு வரும்போது அந்தப் பெயருக்கு வந்தேன். கை தானாக அடுத்த பெயருக்குப் போய்விட்டது. ஒரு பெயர்தானே, யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அன்று பகல் நீ மேலிருந்த ஒரு பிரதியை மட்டும் வாசித்துவிட்டு, கட்டை அவிழ்க்காமல் திருப்பிக்கொண்டு வந்தாய். பஸ் வீதியில் நிற்க, ஆட்கள் யன்னலால் எட்டிப் பார்க்க, கட்டை என் மேசையில் வைத்தாய்.

"இதுல ஒரு ஆள் குறையுது, நிருபர்."

"ஆர்?" என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உன்ட வீட்டுக்காரிட காக்கா போன கிழமை என்ட பஸ்லதான் புது வீட்டுக்குக் கக்கூஸ் கோப்பை ஏத்திக்கிட்டுப் போனவர். மடியில வெச்சிக்கிட்டு, புள்ளயப் போல. கோப்பைக்கு டிக்கட்டும் எடுக்கல்ல."

சிரிப்பு வந்தது. ஆனால் நீ சிரிக்கவில்லை.

"மச்சான், நாங்க இப்ப அவர்ட வீட்டுலதான் இரிக்கம். விளங்குதா உனக்கு?"

"விளங்குது. அதான் உன்னை ஏசல்ல. நீ போடு, போடாம உடு, அது உன்ட விருப்பம். ஆனா இத நான் பஸ்ல ஏத்தமாட்டன். மத்தப் பேர்ட பொஞ்சாதி புள்ளயளும் என்ட பஸ்லதான் போறாங்க. அவங்கட முகத்தப் பாத்து நான் எப்பிடிக் கத்துற?"

நீ போய்விட்டாய். கட்டு மேசையிலேயே இருந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் அழுதாள், பிறகு ஏசினாள். "உங்கட கடதாசிக்காக நான் என்ட காக்காட முகத்துல முழிக்காம இரிக்கணுமா? எங்களுக்குக் கலியாணம் முடிச்சுத் தந்தவர் ஆரு?" மூன்றாம் நாள் காலை அவள் எங்கோ போய்விட்டு வந்தாள். வந்து, புர்தாவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தாள்.

"முகாமுல எங்களுக்குப் பக்கத்துப் பாயில மூணு புள்ளயளோட இருந்தாவே, அவவப் பாக்கப் போனன். இன்னும் கூடாரத்துலதான் இரிக்கா. அவட பேரு எந்தப் பட்டியல்லயும் இல்லயாம்." எழும்பி, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை வெளியே இழுத்தாள். "எழுதுங்க. அதுக்கு முந்தி வாங்க, சாமானக் கட்டுவம். அவர்ட வீட்டுல இருந்துக்கிட்டு எழுதப்படாது."

அவளை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

எங்கள் குடித்தனம் முழுவதும் உன் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் அடங்கிவிட்டது. நீதான் தூக்கி ஏற்றினாய், நீதான் தகரக் கொட்டிலில் இறக்கினாய். அந்த வெயிலில் தகரத்தின் கீழ் முட்டைகூடப் பொரிக்கலாம் என்றாய். பெயரைச் சேர்த்துப் புதிதாக அடித்த இதழ், மாலைக்குள் ஒன்றும் மிஞ்சாமல் போய்விட்டது. சந்தாவை நிறுத்தியவர்களும் உண்டு. காக்காவின் பக்கத்து உறவில் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பெருநாளன்று நாங்கள் இரண்டு பேரும் கொட்டிலில் தனியே இருந்து வட்டிலப்பம் சாப்பிட்டோம். அது மட்டும் கஷ்டமாக இருந்தது.

பெருநாள் கழித்து ஒரு காலை, காக்காவே வந்து நின்றார். கையில் மடித்த பத்திரிகை. மனைவி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடி சொன்னார்:

"என்ட பேர்ல ஒரு எழுத்துப் பிழை இரிக்கி. திருத்திப் போடு."

"சரி காக்கா."

"மறுகா, திறப்பத் திருப்பிக் குடுத்துட்டன் எண்டும் போடு. அதையும் பெரிசாப் போடு. களவெண்டா பெரிசாப் போடுற, குடுத்தா சின்னனாப் போடுறயா?"

கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தங்கச்சியின் சிரிப்பைக் கேட்டதும் அவருடைய முகமும் தளர்ந்துவிட்டது. அந்த வீடு கூடாரத்திலிருந்த வேறொரு குடும்பத்துக்குப் போனது. மூன்று பிள்ளைகளின் தாய்க்கு அடுத்த வருடம்தான் கிடைத்தது, ஆனால் கிடைத்தது. காக்கா அன்றே சந்தாவும் கட்டினார், நான் இன்னும் என்னென்ன எழுதுகிறேன் என்று பார்ப்பதற்காம். திரும்பிப் போகும்போது உன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். நீ அவர் முன்னால் போய் நின்று, "கோப்பைக்கும் சேத்து ரெண்டு டிக்கட், காக்கா," என்றாயாம். முறைத்தபடியே எடுத்தார் என்று நீ சொன்னாய். சிரித்துக்கொண்டு எடுத்தேன் என்று அவர் சொன்னார். இருவரில் யார் சொன்னது சரி என்பதை நான் எந்த இதழிலும் எழுதவில்லை.

யுத்தம் முடிந்த கிழமை நம் இருவருக்கும் வேறு வேறு மாதிரி வந்தது. சந்தியில் பட்டாசு. பாற்சோறு பகிர்ந்தார்கள். நான் 'இனிப் பாதை திறக்கும்' என்று தலைப்புப் போட்டு, வயலுக்குப் பயமில்லாமல் போகலாம், கடலுக்குப் போகலாம் என்று மனம் நிறைந்து எழுதினேன். நீ கட்டை ஏற்றினாய். ஆனால் கத்தவில்லை. ஒவ்வொரு தரிப்பிலும் ஊரின் பெயரை மட்டும் சொன்னாய். உன் பஸ்ஸில் வந்த யாரோ அதை எனக்குச் சொல்ல, அப்போதுதான் நினைவு வந்தது: உன் தங்கை, கடைசிச் சண்டை நடந்த வன்னியில் கலியாணம் முடித்தவள். மாதக்கணக்காக அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

பாண்டிருப்புக்கு வந்தேன். நீ முற்றத்தில் பஸ்ஸின் யன்னல் சீலையைத் துவைத்துக்கொண்டிருந்தாய்.

"நான் எழுதினது பிழையா மச்சான்?"

"பொய் இல்ல," என்றாய். சீலையைப் பிழிந்து கொடியில் போட்டாய். "பாதி."

மற்றப் பாதியை அடுத்த இதழில் போட்டோம். கருத்து ஒன்றுமில்லை, பெயர்கள் மட்டும். நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று வாசகர்களைக் கேட்டோம். தமிழ்ப் பெயர்கள் வந்தன. முன்னொரு காலத்தில் வயலுக்குப் போய்த் திரும்பாத முஸ்லிம் ஆட்களின் பெயர்களும் வந்தன. எந்தப் பெயரை முதலில் போடுவது என்று நான் யோசிக்க, "அகர வரிசையில போடு. அதுக்குச் சாதி சமயம் இல்ல," என்றாய். காவலரணில் ஒரு சிப்பாய் கட்டைப் பிரித்து, இது என்ன என்று கேட்டானாம். உன் அரைகுறைச் சிங்களத்தில் கலியாண அழைப்புக் கடதாசி என்றாய். இத்தனை பேருக்கா என்று அவன் வியக்க, "இந்த மாசம் நல்ல நாள் கூடுதல், சேர்," என்றாயாம். எனக்கு அதைச் சொல்லும்போது ஒரு பீடி முடியுமுன்னே அடுத்ததைப் பற்றவைத்தாய். இருந்தும் இருவரும் சிரித்தோம்.

அந்த இதழைச் சாய்ந்தமருது லொறிச் சாரதி ஒருவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கு அரிசி ஏற்றிப் போனார். வாசகர்தான், யாரும் அவரைக் கேட்கவில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாராம். திரும்பி வரும்போது பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதிய நாலு வரி அவரிடம் இருந்தது. "அண்ணா, நானும் பிள்ளைகள் ரெண்டும் இருக்கிறம். அவர் எங்கே எண்டு தெரியாது."

பஸ்ஸை நடுவீதியில் நிறுத்திவிட்டு நீ என் வீட்டுக்கு ஓடிவந்தாய். மட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தாய். பிறகு ஊருக்கே கேட்கக் கத்தினாய்: "வெட்டு, நிருபர்! அவட பேர வெட்டு! அடுத்த இதழ்ல அவட பேர வெட்டு!" அன்று முழுவதும் நீ ஒருவருக்கும் டிக்கட் கிழிக்கவில்லை. முதலாளி உன் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார். அந்தப் பட்டியலில் நாங்கள் வெட்டிய பெயர்கள் சில. வெட்டாத பெயர்கள் பல. அவற்றை இன்றும் வருடத்துக்கு ஒருமுறை, ஒன்றும் சேர்க்காமல் ஒன்றும் குறைக்காமல் அனுப்புகிறேன். உன் தங்கையின் கணவரின் பெயரும் அதில் இருக்கிறது.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உன்னைப் படுக்கையில் போட்ட காலத்தில்தான் நான் மின்னஞ்சலுக்கு மாறினேன். போனைக் கொண்டுவந்து முதல் இதழைக் காட்டினேன். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாய். "நல்லாத்தான் இரிக்கு. ஆனா இத எப்பிடிக் கத்துற?" என்றாய். அதற்கு அடுத்த மாதம் உன்னைக் கொண்டுபோனோம். செத்த வீட்டுக்கு அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரை உன்னைத் தெரிந்தவர்கள் வந்தார்கள். அழுதவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துவிட்டு, "போன கிழமை எனக்கு இதழ் வரல்லியே," என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீ கேட்டிருந்தால் பாடையிலிருந்து எழும்பிச் சிரித்திருப்பாய்.

உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை இதழை அனுப்பியதும் வீட்டில் இருப்பதில்லை. பஸ் ஏறி, கல்லாறு வரை போய்த் திரும்பி வருகிறேன். ஒரு வேலையும் இல்லை. ஆட்கள் கதைப்பதைக் கேட்கத்தான்.

போன வெள்ளி எனக்கு முன் ஆசனத்தில் ஓர் இளம் பெண். பாண்டிருப்பில் ஏறியவள். அவள் போனில் 'நேரே கதை'யைத் திறந்து பக்கத்திலிருந்த மாமிக்கு வாசித்துக் காட்டினாள். வடிகான் வேலையில் எந்த வட்டாரம் விடுபட்டது என்று நான் எழுதிய பகுதி. நான் என்னைக் காட்டிக்கொள்ளாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அவள் பாதியில் நிறுத்தினாள்.

"இந்த ஆளுக்கு ஒண்டும் தெரியா மாமி. எங்கட பக்கத்த உட்டுட்டான்."

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துக்கொண்டு முன்னால் குனிந்தேன்.

"எந்தப் பக்கம் மகள்? சொல்லுங்க, எழுதிக்கிறன்."